இணையக் கடையின் முகப்பு

வெள்ளவத்தைக் காலி வீதியிலே புடைவைக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிச் சேலையை அடிக்கடி மாற்றிப் பார்ப்பது நாம் அறிந்ததே. இணையத்தளத்திலோ படம், பொத்தானின் வாசகம் ஆகிய இரண்டையும் ஒருங்கே மாற்றிச் சோதிக்கிறார்கள்.

2007 இல் ஒபாமாவின் தேர்தற் குழுவினர் 6 முகப்புக் காட்சிகளையும் 4 பொத்தான்களையும் இணைத்து 24 பக்கங்கள் ஆக்கினர். வந்தவர்களுக்குக் குலுக்கல் முறையிற் காட்டினர். அவர்கள் பெரிதும் நம்பியிருந்தது ஒரு காணொளியை. வென்றதோ குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ என்ற பொத்தானும்! பதிவு செய்தோர் தொகை நூற்றுக்கு 8.26 இலிருந்து 11.6 ஆக உயர்ந்தது.

ஆயினும், நாளொன்றுக்கு 48 பேரே வரும் சிறுகடைக்கு இது ஒவ்வாது. பக்கத்துக்கு இருவர் என்றால், அவ்விருவரை வைத்து எதைத் தீர்மானிப்பது? அவர் இரண்டே பக்கங்களை ஒப்பிட்டு, சில மாதங்கள் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.