ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டரும் அப்பாவும்

எங்க வீட்டு முதல் கம்ப்யூட்டர் 1999-ல வந்துச்சு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணது. 32 எம்பி ராம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. என் படிப்புக்காக அப்பா பி.எஃப். லோன் போட்டார். நான் படிச்சதென்னவோ 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'தான்!

அப்பா டைப்பிஸ்ட். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். அதை மூடுற துணியை மட்டும் வாராவாரம் துவைப்பார். ஒருநாள் ராத்திரி டொக் டொக்னு சத்தம். எழுந்து பார்த்தா அப்பா, நோட்பேட்ல ஆபீஸ் லெட்டர் அடிச்சுட்டிருக்கார். ஆபீஸுக்கும் கம்ப்யூட்டர் வரப்போகுதுன்னு அம்மாகிட்ட அவர் சொன்னது அப்பதான் உறைச்சுது. வரி முடியுறப்போ இடது கை தானா மேல போகுது, கேரேஜைத் தள்ள. அங்க ஒண்ணும் இல்ல. அப்புறம் என்டரைத் தேடுறார்.

சத்தமில்லாம போய்ப் படுத்துட்டேன். மறுநாள் நோட்பேட் ஐகானை டெஸ்க்டாப்ல எடுத்து வெச்சேன்.