எளிய கார் வேண்டுவோம்



இடக்கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் செல்ல, வாளையாற்றையோ குமுளியையோ ஆரியங்காவையோ கடந்தாக வேண்டும். முதிய பெற்றோரையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்வோர்க்குக் கார் ஆடம்பரம் அன்று, தேவை. ஆயினும், நம் கைக்கெட்டும் எளிய கார் அருகி வருகிறது.

இவ்வேட்கை புதிதன்று. கோவையில் ஜி. டி. நாயுடு அவர்கள் 1952இல் இருவர் அமரும் காரை வடிவமைத்து, ரூ. 2,000 விலையில் தர முனைந்தார். அரசின் உரிமம் கிட்டாமையால் அம்முயற்சி நின்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின். தெருமுனைப் பட்டறையிலேயே பழுது பார்க்கத்தக்க அமைப்பு. 2014 வரை, முப்பது ஆண்டுகள், நடுத்தரக் குடும்பங்களை அது சுமந்தது.

டாடா நிறுவனத்தின் நானோ, ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று புகழ் பெற்று 2009இல் விற்பனைக்கு வந்தது. 2018இல் உற்பத்தி நின்றது. 'மிக மலிவான கார்' என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று. அவ்வாறு விளம்பரம் செய்தது பிழை என்று ரத்தன் டாடாவே பின்னர் கூறினார். மக்கள் எளிமையை விரும்பினர். ஏழ்மையின் முத்திரையை விரும்பவில்லை. நாம் கேட்பதும் மட்டமான காரை அன்று.

மின்னணுக் கருவி யாவும் வேண்டா என்றும் நாம் சொல்லோம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்கும், மோதலின்போது விரியும் காற்றுப்பையும் உயிர் காப்பன. அவற்றுக்குரிய விலையை மனமுவந்து கொடுப்போம். பெரிய தொடுதிரையும், வண்ண விளக்கும், திறந்து மூடும் கண்ணாடிக் கூரையும் அத்தகையன அல்ல. விசிறியைக் கூட்டத் திரையைத் தேடும் கண், சாலையை விட்டு விலகுகிறது. உப்புக் காற்றும் மழைநீரும் சூழ்ந்த நம் பகுதியில் மின்னிணைப்புகள் எளிதில் களிம்பேறும். திரை பழுதானால் பட்டறைக்காரர் கைவிரிப்பார். முழுவதையும் மாற்ற நேரிடும். அச்செலவு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அன்றோ பதம் பார்க்கும்!

2025 செப்டம்பரில் சிறு கார்களின் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அப்பயன் வேண்டாத அலங்காரத்தில் கரைந்துவிடலாகாது. ஆதலின், கார் வாங்கச் செல்லும் நம்மவர் ஒவ்வொருவரும், "பாதுகாப்பு முழுதும் வேண்டும், அலங்காரம் வேண்டா, அத்தகைய கார் உண்டா?" என்று தயங்காமல் கேட்க வேண்டுகிறோம். கேட்பார் பெருகினால், செய்வாரும் முன்வருவர்.