கார் வாங்கும்போது நாங்கள் கேட்க மறந்தவை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் தலைவி எங்களைப் பார்த்து, "உங்க குழுவிலேயா தவணை பாக்கி?" என்று கேட்டபோது எங்களால் தலை நிமிர முடியவில்லை. பதினோரு வருடமாகத் தவணை தவறாத குழு நாங்கள். அது எப்படி ஆச்சு என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறோம். சம்பந்தப்பட்ட அக்கா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்ன பிறகுதான் மைக்கைப் பிடித்திருக்கிறோம்.

அக்கா வீட்டுக்காரருக்கு இருதயக் கோளாறு. மாதம் இரண்டு தடவை மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். போக வர 80 கிலோமீட்டர். கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவரால் முடியவில்லை. "பழைய கார் ஒண்ணு வாங்கிடுவோம், அப்பாவுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு" என்றான் மகன். விலை 2,80,000 ரூபாய். நகையை அடகு வைத்து 30,000, குழுவில் உள்கடன் 50,000, மீதி 2 லட்சம் பைனான்ஸ்.

கடன் கேட்டு வந்தபோது நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "கார் என்ன விலை?" மாட்டுக்கடன் என்றால் தீவனத்துக்கு என்ன செய்வே, எத்தனை லிட்டர் கறக்கும், பாலை எங்கே ஊத்துவே என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள் நாங்கள். காருக்கு எதையுமே கேட்கவில்லை. நம்ம குழுவில் ஒருத்தி வீட்டு வாசலில் கார் நிற்கப் போகுது என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது. தீர்மான நோட்டில் பன்னிரண்டு பேரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம்.

தொடர்ந்து மூன்று தவணை வராமல் போகவே, ஐந்து பேர் கிளம்பி அவர் வீட்டுக்குப் போனோம். சண்டை போடத்தான் போனோம். போனால், வேப்பமரத்தடியில் தார்ப்பாய் மூடி கார் நிற்கிறது. பெட்ரோல் போடக் காசில்லை. வீட்டுக்காரரை அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் கூட்டிப் போயிருக்கிறார்கள். திட்ட வாய் வரவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கார் வாங்கிய முதல் வருடத்துக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தோம்.

முதலில் தவணை. "வருஷத்துக்கு 10 சதவீதம் வட்டி" என்று பைனான்ஸில் சொன்னார்களாம். நூத்துக்கு மாதம் ஒரு ரூபாய்கூட இல்லையே என்று அக்காவும் சம்மதித்துவிட்டார். ஆனால் அது பிளாட் வட்டி. 2 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 60,000 ரூபாயை முதலிலேயே அசலோடு சேர்த்து, 2,60,000-ஐ 36 மாதத்துக்குப் பிரித்து, மாதம் 7,222 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். நம்ம குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். அங்கே பாதி அசல் கட்டி முடித்த பிறகும் முழு 2 லட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது. நம்ம முறைப்படி கணக்குப் போட்டால் அது வருடத்துக்கு ஏறக்குறைய 18 சதவீதம், அதாவது ஒன்றரை வட்டி! கேட்டதும் அக்காவுக்கு முகம் வாடிப்போச்சு. எங்களுக்கும்தான்.

ஆக, தவணை மட்டும் வருடத்துக்கு 86,664 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்டணும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். 1000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 2022 ஜூனில் அதை 2,094 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், வரி தனி. நம்ம வண்டிக்கும் சேதாரம் கிடைக்கிற மாதிரி முழு இன்சூரன்ஸ் எடுத்ததில் அக்காவுக்கு 9,000 ஆனது. பழைய வண்டி என்பதால் நாலு டயரும் தேய்ந்திருந்தது, அது 14,000. பேட்டரி 4,500. இரண்டு தடவை சர்வீஸ் 9,000. மாதம் 400 கிலோமீட்டர் ஓடியதில் பெட்ரோல் 2,700 வீதம் 32,400. எல்லாம் கூட்டினால் 1,55,564 ரூபாய். மாதத்துக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 13,000. மகன் சம்பளமே 15,000தான்!

"தவணை கட்டக் கட்ட கார் நம்ம சொத்தாகுதே" என்றான் மகன். நியாயமான கேள்விதான். அதனால் புரோக்கரைக் கூட்டி வந்து விலை கேட்டோம். 2,10,000க்கு மேல் போகாது என்றார். பதினாலு மாதத்தில் 70,000 ரூபாய் கரைந்துவிட்டது. மாடு கன்று போடும். கார் நின்ற இடத்திலேயே தேயும்.

கல்யாணம், காதுகுத்துக்குக் கூலிக்கு ஓட்டிச் சமாளிக்கலாம் என்றும் அவன் நினைத்திருந்தான். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது, அதற்கு மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேணும். மீறி ஓட்டி விபத்து ஆனால், வண்டிச் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று இன்சூரன்ஸ்காரர் சொல்ல இடமிருக்கிறது. ஆர்.சி. புத்தகமும் அதுவரை பழைய முதலாளி பேரிலேயே இருந்தது. வண்டி வாங்கிய 30 நாளுக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்கணும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாது, விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

கடைசியாக ஒரு கணக்கு. எங்க ஊர் வாடகைக் கார்க்காரர் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் வாங்குகிறார். மதுரைக்கு ஒரு நடை 1,200. மாதம் இரண்டு நடைக்கு 2,400. அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை அன்னைக்கே யாராவது எழுதிக் காட்டியிருந்தா..." என்றார். யாராவது என்றால் நாங்கள்தானே?

காரை விற்க மகன் இன்னும் மனசு வைக்கவில்லை, பொங்கல் வரை பார்ப்போம் என்கிறான். பைனான்ஸில் இன்னும் 22 தவணை இருக்கிறது. இப்போது விற்றால் அதை அடைத்து, கையில் வருவதை வைத்துக் குழுக் கடனையும் பெரும்பாலும் முடித்துவிடலாம். அதுவரை மாதம் 1,000 ரூபாயாவது கட்ட அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார், இந்த மாதம் கட்டியும்விட்டார்.

வண்டிக் கடன் என்று யார் கேட்டாலும், விலைக்குப் பக்கத்திலேயே மாதச் செலவு என்று ஒரு கட்டம் போட்டு எழுதுவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். இரு சக்கர வண்டிக்கும் அதேதான். நாங்கள் போட்ட கணக்குத் தாளை ஊக்குநரிடம் கொடுத்திருக்கிறோம், வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளலாம்.