8,400 மீற்றரில் எடுக்க முடியாத முடிவு

 

பட்டம் பெறும் மருத்துவ, தாதிய மாணவர்களே, பொரளை எனக்குப் புதிய ஊரல்ல. வெள்ளவத்தையில் 154ஆம் இலக்க பஸ் ஏறி இங்கே வந்து படித்தவன் நான். இருக்க இடம் கிடைத்த நாட்களில் உடற்றொழிலியல் புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வேன். சுவாசம் பற்றிய பகுதியின் கடைசியில், உயரமான மலைகளில் உடம்பு என்ன செய்கிறது என்று சில பக்கங்கள் இருந்தன. சோதனைக்கு வராது, விட்டுவிடு என்றார்கள் மூத்த மாணவர்கள். எனக்கோ அந்தப் பக்கங்களை விட முடியவில்லை. பிற்காலத்தில் மயக்க மருந்து வைத்தியனாகி, பிறர் மூச்சைக் காவல் காப்பதே என் தொழிலானது. இன்று உங்களோடு பேசவும் ஒரு மலையைத்தான் எடுத்திருக்கிறேன்.

எவரெஸ்ட் 8,848.86 மீற்றர். உச்சியில் காற்றின் அழுத்தம், காலிமுகத்திடலில் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இங்கிருந்து ஒருவரைத் தூக்கி நேரே அங்கே வைத்தால் சில நிமிடங்களில் நினைவிழப்பார். ஆனால் அதே மனிதர், காலம் கொடுத்து ஏறினால், ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமலே அங்கே நிற்கவும் கூடும். 1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் அதைச் செய்து காட்டினார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் மூச்சு வேகமெடுக்கிறது. அதனால் இரத்தம் காரமாகிறது. அதைச் சிறுநீரகம் நாட்கணக்கில் மெல்லச் சரிசெய்கிறது. எலும்பு மச்சை புதிய செங்குருதிக் கலங்களைச் செய்து அனுப்புகிறது. இதற்கெல்லாம் காலம் வேண்டும்.

அதனால்தான் மலையேறிகள் ஒரே மூச்சில் மேலே போவதில்லை. 5,364 மீற்றரில் அடிவார முகாம். அங்கிருந்து கும்பு பனிவீழ்ச்சி: வீட்டளவு பனிப்பாறைகள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடம். அதற்குள் ஏணியும் கயிறும் கட்டிப் பாதை போடுபவர்கள் ஷெர்பாக்கள். 2014 ஏப்ரல் 18 அன்று அந்த இடத்தில் பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். உச்சியில் எடுத்த ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. பனிவீழ்ச்சியைக் கடந்தால் முதலாம் முகாம். 6,400 மீற்றரளவில் இரண்டாம் முகாம். லோட்சே மலைச் சரிவில் மூன்றாம் முகாம். ஏறத்தாழ 7,900 மீற்றரில் தென் கணவாயில் நான்காம் முகாம். மேலே ஏறுவார்கள், இறங்கி வந்து உறங்குவார்கள், மறுபடி இன்னும் கொஞ்சம் மேலே. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் மருந்துகள் உண்டு. ஆனால் முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

மெல்ல ஏறுவதன் அருமையை நானும் கண்டிருக்கிறேன். மாணவனாக இருந்த காலத்தில் நண்பர்களோடு நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறியிருக்கிறேன். 2,243 மீற்றர். அங்கே மூச்சு வாங்குவது படிகளால்தான், காற்றால் அல்ல. நாங்கள் ஓடியோடி ஏறிப் பாதி வழியில் குந்திவிட்டோம். வயதான அம்மாமார் தங்கள் பாட்டுக்கு நடந்து எங்களைக் கடந்து போனார்கள். அவர்கள் உச்சியில் சூரிய உதயம் பார்த்தார்கள்.

இனி, நான் சொல்ல வந்த விடயம். நம் நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியில் முதலில் நின்றவர் ஒரு பெண். பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஜயந்தி குரு உதும்பால, டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்ற நிறுவகத்தில் பயிற்சி பெற்றவர். 2016 மே 21 அதிகாலையில் அவர் உச்சியை அடைந்தார். நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அவரோடு போனவர் ஜொஹான் பீரிஸ், கொழும்பில் சிகையலங்காரக் கலைஞர். அவர் 8,400 மீற்றர் வரை ஏறினார். ஒட்சிசன் விநியோகத்தில் பிரச்சினை வந்தது. உச்சிக்கு இன்னும் 450 மீற்றர் கூட இல்லை. அவர் திரும்பி இறங்கினார்.

8,400 என்ற அந்த இலக்கத்தை நான் முன்பே அறிவேன். 2007இல் பிரித்தானிய வைத்தியர்கள் குழுவொன்று எவரெஸ்ட் உச்சியிலிருந்து இறங்கும் வழியில், அதே உயரத்தில், உடைகளைத் தளர்த்தித் தொடை நாடியிலிருந்து ஒருவருக்கொருவர் இரத்தம் எடுத்தது. அதை ஷெர்பா ஒருவர் இரண்டாம் முகாமிலிருந்த ஆய்வுகூடத்துக்கு விரைந்து கொண்டு இறங்கினார். நால்வரின் நாடி இரத்தத்தில் ஒட்சிசன் அழுத்தத்தின் சராசரி 24.6 மில்லிமீற்றர் இரசம். மிகக் குறைந்தது 19.1. கடல் மட்டத்தில் ஆரோக்கியமான ஒருவருக்கு அது பொதுவாக 80க்கு மேல் இருக்கும். 24 என்று ஓர் அறிக்கை உங்கள் வாட்டுக்கு வந்தால், நீங்கள் ஓடிப்போய் அந்த நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்க ஆயத்தமாவீர்கள்.

யோசித்துப் பாருங்கள். திரும்புவதா, தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டிய மூளைக்கு, அந்த உயரத்தில், முடிவெடுக்கத் தேவையான ஒட்சிசன் கிடைப்பதில்லை. உச்சி நெருங்கிவிட்டது. வருடக்கணக்கான உழைப்பு பின்னால் நிற்கிறது. அந்த இடத்தில் வந்து யோசிக்கலாம் என்று போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அந்த மலையில் வழிகாட்டிகளுக்குத் தெரிந்த ஒழுங்கு. 1996 மே 10 அன்று அந்த நேரம் கடந்த பிறகும் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாலையில் புயல் வந்தது. அன்றும் மறுநாளுமாக எட்டுப் பேர் இறந்தார்கள். அனுபவத்தில் யாருக்கும் குறையாத வழிகாட்டி ரொப் ஹோல் அவர்களில் ஒருவர்.

ஆகவே, திரும்பும் முடிவைக் கீழேயே எடுத்துவிட வேண்டும். நல்ல காற்று கிடைக்கும் இடத்தில், தெளிந்த மனதோடு. மேலே போனபின் செய்ய வேண்டியது, எடுத்த முடிவுக்குக் கீழ்ப்படிவது மட்டுமே.

இதை எனக்கு முதலில் கற்றுத்தந்தவர் இமயத்தைப் பார்த்தவரல்லர். சத்திரசிகிச்சைக் கூடத்தில் எனக்குத் தொழில் பழக்கிய ஆசிரியர் அவர். கடினமான நோயாளி என்றால், மருந்து கொடுக்க முன்னரே தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்: எந்த அளவுக்கு இரத்த அழுத்தம் இறங்கினால் நிறுத்துவது, எத்தனை முறை குழாய் செருகிப் பார்ப்பது, அதன் பிறகு யாரைக் கூப்பிடுவது. கூடத்தில் நிற்கும் தாதிக்கும் அதை வாசித்துக் காட்டுவார். இளையவனான எனக்கு அப்போது அது பயந்த சுபாவமாகத் தெரிந்தது. இன்று உலகம் அவர் பக்கம் வந்திருக்கிறது. 2015இல் பிரித்தானியாவின் கடின சுவாசவழிச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், குழாய் செருகும் முயற்சி மூன்றோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு முயற்சி உண்டென்றால் அது கூடிய அனுபவமுள்ளவருடைய கைக்கு உரியது என்றது. ஏனென்றால், திறமையுள்ள கைதான் இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் நோயாளியின் ஒட்சிசன் தீர்ந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு நாம் ஏறுவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், வெட்டுப்புள்ளி. நிறுத்துவதற்கும் உதவி கேட்பதற்கும் நம் பாடசாலைகளில் புள்ளி கிடையாது. இது பெரிய குறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் தொழிலில் அந்தக் குறையின் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் படுத்திருப்பவர்.

8,400 மீற்றரில் திரும்பிய ஜொஹான் பீரிஸ் 2018இல் மீண்டும் போனார். மே 22 அன்று உச்சியை அடைந்தார். 2016இல் அவர் இறங்கியிராவிட்டால் அந்த 2018 இல்லை.

அன்பான பட்டதாரிகளே, உங்களில் பலர் விரைவிலேயே இரவுக் கடமைக்குப் போவீர்கள். விடியப்புறம் மூன்று மணிக்குக் களைத்த மூளையோடு புதிதாக முடிவெடுக்கும் நிலைக்கு உங்களைத் தள்ளிவிடாதீர்கள். கடமை தொடங்கும்போதே, எந்த நிலையில் நிறுத்துவது, யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வையுங்கள்; உடன் வேலை செய்பவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாளை நீங்கள் மூத்தவர்களாகும்போது, நள்ளிரவில் தொலைபேசியில் கூப்பிடும் இளையவர்மீது எரிந்து விழாதீர்கள். எழுந்து போங்கள்.