கம்பியில்லாக் கண்ணிவலையும் கிணற்று மோட்டாரும்

(நெட்டுக்குப்பத்தில் மீஞ்சூர் வட்டார உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்து ஊர் இது. இங்கே கரையில் காயும் வலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் வலை இரண்டாகப் பிரிந்துவிடுவதில்லை. சுற்றியுள்ள கண்ணிகள் இழுவையை ஏற்றுக்கொள்கின்றன. இன்று நான் பேச வந்த பொருளுக்கு 'மெஷ்' என்று பெயர். வலைக்கண்ணி என்பதே அதன் பொருள்.

வீட்டு விளக்கையும் விசிறியையும் கைப்பேசியால் இயக்கும் கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. இதை வாங்கி வயல் மோட்டாருக்கும் மாட்டிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரவில் வரப்பில் பாம்புக்கு அஞ்சி நடந்து போய் மோட்டார் போடுகிறவர்களின் கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இக்கருவிகளில் ஜிக்பீ, த்ரெட், புளூடூத் மெஷ் என்று பல வகை உண்டு. ஜிக்பீ, த்ரெட் ஆகிய இரண்டும் 2003-இல் வெளியான ஒரே வானொலித் தரத்தின்மேல் எழுந்தவை. புளூடூத் மெஷ் 2017-இல் வந்தது. பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசவேண்டும் என்பதற்காக 2022-இல் 'மேட்டர்' என்ற பொது ஏற்பாடும் வந்தது. பெயர்களை மறந்தாலும் குற்றமில்லை. வேலை செய்யும் முறைதான் முக்கியம்.

ஒவ்வொரு கருவியின் குரலும் மிகச் சிறியது. வீட்டுக்குள் பத்து, இருபது மீட்டர் எட்டும். ஆனால் ஒரு விளக்கு சொன்னதை அடுத்த விளக்கு வாங்கி, அதற்கடுத்த பிளக்குக்குச் சொல்லும். நடுவில் ஒன்று பழுதானால், அருகில் வேறொன்று இருக்கும் பட்சத்தில் செய்தி அதன் வழியே போகும். நாற்று நடும்போது முடிகளைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. எல்லாக் கருவியும் கைமாற்றிக் கொடுக்காது. பட்டன் பேட்டரியில் ஓடும் கதவு உணர்கருவி, ஈரப்பத உணர்கருவி போன்றவை பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருக்கும். அவை தம் சேதியை மட்டும் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கும். அடுத்தவர் சேதியைச் சுமப்பவை, மின்சாரத்தில் எப்போதும் விழித்திருக்கும் விளக்கும் பிளக்கும்தான். விளக்கைச் சுவரில் உள்ள சுவிட்சில் அணைத்தால் அந்தக் கண்ணி அறுந்தது. ஊரில் மின்சாரம் நின்றால் வலையே இல்லை.

இப்போது கணக்குப் பார்ப்போம். வீட்டிலிருந்து அறுபது மீட்டரில் மாட்டுத் தொழுவம் என்றால், புழக்கடையில் ஒரு விளக்கு, நடுவில் ஒரு பிளக், தொழுவத்தில் ஒன்று என மூன்று நான்கு கருவிகளில் காரியம் முடியும். காளான் குடிலின் ஈரப்பதம், கோழிக் கொட்டகையின் வெப்பம் இவற்றை அறியவும் இது நல்ல துணை. ஆனால் வயல் நானூறு மீட்டரில் இருந்தால்? இருபத்தைந்து மீட்டருக்கு ஒன்று என்றாலும் பதினைந்து கருவிகளை வரப்பில் நட்டு, ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பியை நேரே மோட்டாருக்கே இழுத்துவிடலாமே!

மேலும் இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இந்த அலை நீரில் வலுவிழக்கும். மழையில் நனைந்த கரும்புத் தோட்டமும் வாழைத் தோட்டமும் இதற்குச் சுவர்தான். தகரக் கூரையும் தடுக்கும். ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் கருவியை வைத்து மூடினால், பானைக்குள் தலையை விட்டுப் பேசியது போலாகும். ஏரியலை வெளியே எடுத்துவிட வேண்டும்.

வயல் தூரத்துக்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை நமக்கு உகந்தது. நிர்ணயித்த திறனுக்குள் இயங்கினால் உரிமம் தேவையில்லை என்று 2005-லேயே நம் நாட்டில் அனுமதி தரப்பட்டது. லோரா என்ற முறைக் கருவிகள் இதில் இயங்குகின்றன. உயரமான கம்பத்தில் ஏரியலைக் கட்டினால், தடையில்லாத வெளியில் ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் எட்டும். வேகம் மிகக் குறைவு. ஆயினும் 'மோட்டார் ஓடுகிறது', 'தண்ணீர் இல்லை' என்று சொல்ல வேகம் எதற்கு?

கர்நாடகத்தில் பாவகடா வட்டத்துச் சென்னகேசவபுரத்தில் 2000-களின் நடுவிலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து, மானாவாரி நிலத்தின் மண் ஈரத்தைக் கம்பியில்லாக் கருவிகளால் அளக்க முயன்றன. ஆகவே வயலுக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

மீஞ்சூர்ப் பக்கத்தில் இதற்கு இன்னொரு பயன் இருக்கிறது என்பது என் கருத்து. மிகுதியாக நீர் இறைத்ததால் இங்கே நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது, 1960-களின் இறுதியிலேயே தெரியவந்த செய்தி. பாசன நீரின் மின்கடத்தும் திறன் 0.7 டெசிசைமன் அளவுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்குக் கேடு. நாலைந்து சிறு விவசாயிகள் தத்தம் கிணற்றில் ஒரு உணர்கருவி வைத்து, ஒருவர் கருவி மற்றவர் சேதியைக் கைமாற்றும்படி அமைத்துக்கொண்டால், கடலோரக் கிணற்றில் உப்பு ஏறுவதை மேற்கே உள்ளவர் முன்கூட்டியே அறிந்து இறைப்பைக் குறைக்கலாம். தனியாக வாங்கினால் அவரவர் கிணறு மட்டுமே தெரியும். உப்புக்காற்றில் செம்பு இணைப்புகள் பச்சை பூக்கும். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியே ஏற்றது.

மோட்டாரை இயக்க மட்டும் வேண்டுமானால், கைப்பேசி சிக்னல் உள்ள இடத்தில் சிம் கார்டு போட்ட தானியங்கி ஸ்டார்ட்டரே எளிது. இதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கியிருக்கிறது. அருகிலுள்ள அலுவலகத்தில் நடப்பு நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு ஸ்மார்ட் பிளக்கில் மோட்டாரை நேரடியாகச் சொருகாதீர்கள். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் அளவில் எடுக்கும்; கிளம்பும்போது அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மட்டுமே கருவி கட்டளையிட வேண்டும். ஒரு முனை போனால் நிறுத்தும் பாதுகாப்பும் இருக்க வேண்டும். கருவியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. தூரத்திலிருந்து இயங்கும் மோட்டாருக்கு, அருகில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. வீட்டிலிருக்கும் பிள்ளை கைப்பேசியைத் தொட்டாலும் அது ஓடும். பழுது பார்க்கக் கிணற்றில் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, இறங்குகிறவரே மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.