அறுபத்திரண்டு வயதில் கோலி
(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஓய்வுக்குப் பின் ஆரோக்கியம்" என்று செயலாளர் தலைப்புக் கொடுத்தார். யோகாசனம், பிராணாயாமம் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே நான் பன்னிரண்டு வருஷமாகச் செய்துவரும் காரியத்தைப் பற்றிச் சொல்கிறேன். ரோலர் ஹாக்கியில் கோல் காப்பது.

பலருக்கு இந்த ஆட்டம் பரிச்சயமிருக்காது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுவது. கோலியும் அந்த ஐவரில் ஒருவர். பந்து 155 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் லேசு, ஆனால் அதே கெட்டி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் இதைக் காட்சிப் போட்டியாக வைத்தார்கள். அர்ஜென்டினா ஜெயித்தது.

நான் மத்திய அரசுப் பணியிலிருந்து 2011-இல் ஓய்வு பெற்றேன். 2013-இல் பேரனை இங்கே சண்டிகரில் ஸ்கேட்டிங் வகுப்புக்கு அழைத்துப் போய், பெஞ்சில் உட்கார்ந்து அலுத்து, நானும் ஒரு ஜோடி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆறு மாசம் சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். ஹாக்கிப் பையன்களுக்கு எப்போதும் கோலி பஞ்சம். எல்லாருக்கும் கோல் போடத்தான் ஆசை, வாங்கிக் கட்டிக்கொள்ள யார் வருவார்கள்? ஒருநாள், "அங்கிள்ஜி சும்மாதானே நிற்கிறார், அங்கே போய் நிற்கட்டுமே" என்றான் ஒருவன். அப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

வயசானவனால் முடியுமா என்று கேட்பீர்கள். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன், கணக்குப் போட்டே சொல்கிறேன். பெனால்டி அடிக்கும் இடம் கோலிலிருந்து 5.40 மீட்டர். பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 20 மீட்டர். கால் விநாடிக்குச் சற்று மேலே ஆகும். கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய ஆரம்பிக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும். இருபது வயசுப் பையனும் பார்த்துவிட்டுத் தடுப்பதில்லை. பந்து கிளம்பும் முன்பே சரியான இடத்தில் இருக்கிறான், அவ்வளவுதான்.

சரியான இடம் என்பது வடிவியல். கோலின் அகலம் 1.70 மீட்டர். அடிப்பவன் ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கும்போது நான் ஒரு மீட்டர் முன்னே வந்தால், நான் அடைக்க வேண்டிய அகலம் 1.36 மீட்டராகக் குறைகிறது. எவன் இடது பக்கம் தோளைச் சாய்ப்பான், எவன் கடைசி நிமிஷத்தில் பாஸ் கொடுப்பான் என்று கவனித்து வைத்துக்கொள்வது மிச்சம். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு அது பெரிய வித்தையா?

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ரோலர் ஹாக்கி கோலி கிட்டத்தட்டக் குந்தித்தான் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனையோ தடவை முழங்கால் தரையில் படும், எழுந்திருக்க வேண்டும், அதுவும் சக்கரத்தின் மேல். பெரியவர்களுக்கு நமஸ்காரம் பண்ணி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் மிச்சமிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டைனிங் டேபிளுக்கு மாறி இருபது வருஷம் ஆனவர்கள் முதலில் அகத்தில் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுந்து பழகட்டும்.

விழுவதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். முழங்காலை மடித்து, பேட் கட்டிய பக்கமாக இறங்க வேண்டும். ஓடி ஆடுகிறவன் உயரத்திலிருந்து விழுகிறான்; கோலி ஏற்கெனவே தரைக்குப் பக்கத்தில் இருக்கிறான், தலை முதல் கால் வரை கவசமும் உண்டு.

இந்த வாதம் என் அகமுடையாளிடம் எடுபடவில்லை. "அகத்தில் விழுந்தால் நான் தூக்குவேன், அங்கே யார் தூக்குவா?" என்று அன்றைக்குக் கேட்டாள், இன்றைக்கும் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். எலும்பின் அடர்த்தியைச் சோதித்துக்கொண்டு அந்தக் காகிதத்தை அவளிடம் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது.

2020-இல் கொரோனாவால் பல மாசம் போக முடியவில்லை. திரும்பிப் போனபோது மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். 2023-இல் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு, பெரியவர்கள் அடிக்கும் பந்துக்கு நான் நிற்பதில்லை. பன்னிரண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான். அதையும் விட்டுவிடச் சொல்கிறாள் பெண். டாக்டர், "முழங்கால் வலிக்கிற அன்று போகாதீர்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவே அடுத்த ஜனவரி வரை வாய்தா வாங்கியிருக்கிறேன். ஜனவரியில் இந்த ஊர் மூடுபனியில் தரை ஈரமாகிவிடும், எப்படியும் ஆட்டம் கிடையாது.

என்னிடம் ஒரு செட் பேட் உபரியாக இருக்கிறது. ஸ்கேட்ஸ் ஒன்பதாம் நம்பர். யாராவது வருவதானால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரலாம், டாக்டரைக் கேட்டுவிட்டு.