ஒரு சிற்றறையும் சில பால் போத்தல்களும்



பட்டம் பெற்ற பின்னரும் பல்கலைக்கழகத்திலே தங்கி ஆராய்ச்சி செய்யப்போவதாக ஒரு பிள்ளை கூறினால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இன்னும் எத்தனை வருடம் படிக்கப்போகிறாய்?" என்பதே. அக்கேள்வியை ஒருமுறை நானும் கேட்டிருக்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், உயிரியலிற் சிறப்புப் பட்டம் பெற்ற என் பழைய மாணவி ஒருத்தி தந்தையாருடன் என்னிடம் வந்தாள். அவள் கையில் ஆசிரிய நியமனக் கடிதம் இருந்தது. பட்டப்பின் படிப்புக்கு வருமாறு அவளுடைய பேராசிரியரும் அழைத்திருந்தார். "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்க எண்ணாதே" என்று நான் புத்தி சொன்னேன். நானோ கலைப்பட்டதாரி. பல நூல்களைப் படித்து அவற்றினின்றும் மேலும் ஒரு நூல் எழுதுவதே ஆராய்ச்சி என்பது அன்று என் எண்ணம். அவள் என் சொல்லைத் தட்டவில்லை.

இன்று அவர் என் பாடசாலையிலேயே உயிரியல் ஆசிரியையாக இருக்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் ஆய்வுகூடத்துக்குட் சென்றேன். பஞ்சினால் வாயடைத்த போத்தல்களிலே கனிந்த கதலிப்பழத் துண்டுகளும், அவற்றை மொய்க்கும் சிற்றீக்களும் இருக்கக் கண்டேன். "இது என்ன அசுத்தம்?" என்று கடிந்தேன். "ஐயா, இந்த ஈக்களாலே ஒரு விஞ்ஞானம் வளர்ந்தது" என்றார் அவர். அன்று அவர் சொல்லத் தொடங்கி, பின்னர் நானே தேடிப் படித்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குக் கூறப்போகிறேன்.

நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோமஸ் ஹன்ற் மோர்கன் என்னும் விலங்கியற் பேராசிரியர்க்கு ஓர் ஆய்வறை இருந்தது. அதன் நீளம் 23 அடி. அகலம் 16 அடி. அதனுள் 8 மேசைகள் நெருக்கமாக இடப்பட்டிருந்தன. எங்கும் பால் போத்தல்கள். போத்தல்களுள் பழ ஈக்கள். ஆதலால் 'ஈ அறை' என்பதே அதன் பெயராயிற்று. பழ ஈயை ஏன் தெரிந்தெடுத்தனர்? பத்துப் பன்னிரண்டு நாள்களில் அதற்கு ஒரு தலைமுறை கழிந்துவிடும். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். தீனிச் செலவோ மிகச் சொற்பம்.

1910ஆம் ஆண்டில், செங்கண் ஈக்களுக்கிடையே வெண்கண்ணுடைய ஆண் ஈ ஒன்று காணப்பட்டது. அதனைச் செங்கண் பெண் ஈக்களோடு சேர்த்தபோது, பிறந்தவை ஏறக்குறைய யாவும் செங்கண்ணுடையன. அடுத்த தலைமுறையில் வெண்கண் மீண்டும் தோன்றிற்று. ஆனால் ஆண் ஈக்களில் மாத்திரமே தோன்றிற்று. கண்ணின் நிறத்துக்குரிய பரம்பரையலகு, பாலோடு தொடர்புடைய நிறமூர்த்தத்தோடு கூடவே செல்கிறது என்பது இதனாற் புலனாயிற்று. இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பரம்பரைக்கு நிறமூர்த்தமே காரணம் என்ற கொள்கையை அதுவரை ஐயுற்றவர் இதே மோர்கன். தம் ஈக்களே எதிர்ச்சாட்சி கூறியபோது, அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தம் பிழையைத் தம் மாணவர் காணத் திருத்திக்கொள்ளும் ஆசிரியரைவிட நல்ல பாடப்புத்தகம் எது?

அந்த அறைக்கு அல்பிரட் ஸ்ரேட்டவன்ற், கல்வின் பிரிட்ஜஸ் என்னும் இளைஞர் இருவர், முதற்பட்டம் பெறுமுன்பே வந்து சேர்ந்தனர். பிரிட்ஜஸ் வந்தது போத்தல் கழுவுவதற்கு. கழுவவேண்டிய போத்தலின் தடித்த கண்ணாடியூடே, கண்ணின் நிறம் வேறுபட்ட ஈயொன்றை அவர் கண்டுபிடித்தார். உடனே ஆராய்ச்சி உதவியாளராக உயர்ந்தார். ஸ்ரேட்டவன்ற், 1911இல் ஒருநாள் மோர்கனோடு உரையாடியபின், தம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, இரவின் பெரும்பகுதியும் விழித்திருந்து, பரம்பரையலகுகளின் முதலாவது படத்தை வரைந்தார். 1913இல் அது வெளியாயிற்று.

அவர் கண்ட உண்மையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு கயிற்றிலே பல முடிச்சுக்கள் இருக்கின்றன. கயிறு ஏதோ ஓரிடத்தில் அறுந்தால், தொலைவிலுள்ள முடிச்சுக்கள் பிரிவது எளிது. அருகருகே உள்ளவை பிரிவது அரிது. ஆகவே, எத்தனை முறை பிரிந்தன என்று எண்ணினால், முடிச்சுக்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பரம்பரையலகுகளின் வரிசையை, ஈக்களை எண்ணியே ஓர் இளைஞர் அறிந்துவிட்டார்.

பின்னர் இவர்கள் அதே பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றனர். ஹேர்மன் மல்லர் என்பவரும் அவ்வாறே பெற்றார். 1915இல் வெளிவந்த அவர்களது நூலிலே, பேராசிரியரின் பெயரோடு இம்மூவர் பெயர்களும் ஆசிரியர் பெயர்களாக இடம்பெற்றன. எல்லாம் இனிமையாகவே இருந்தன என்று நான் கூறவில்லை. தம் எண்ணங்களுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை மல்லருக்கு இருந்தது. மோர்கன் 1933இல் நொபெல் பரிசு பெற்றபோது, அப்பணத்தைத் தம் பிள்ளைகளோடு பிரிட்ஜஸ், ஸ்ரேட்டவன்ற் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளித்தார். எக்ஸ் கதிர்கள் பரம்பரையலகை மாற்றும் என்று 1927இல் காட்டிய மல்லர், 1946இல் தாமும் நொபெல் பரிசு பெற்றார்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றது இதுதான். முதற்பட்டம் வரையில் மாணவனிடம் கேட்கப்படும் கேள்விக்கு விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். பட்டப்பின் ஆராய்ச்சியிலோ விடை ஆசிரியருக்கும் தெரியாது. இருவரும் ஒரே இருளில் ஒரே விளக்கைப் பிடித்து நடக்கிறார்கள். அது வெறுமனே படிப்பை நீட்டுவதன்று. ஆண்டுகள் பல வீணாகலாம். எண்ணிய ஈக்கள் எதையும் சொல்லாமலும் போகலாம். குடும்பத்தின் கடனையும் தங்கையின் படிப்பையும் எண்ணவேண்டிய பிள்ளைக்கு இது பெரிய துணிவு. பெற்றோர் அஞ்சுவதில் தவறில்லை.

ஆயினும், "எத்தனை வருடம்?" என்று மாத்திரம் கேட்பது போதாது. "எந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறாய்? உன் பேராசிரியரின் அறையிலே, அவர் கூற்றை மறுத்துப் பேச உனக்கு இடமுண்டா? உன் உழைப்பில் உன் பெயர் இருக்குமா?" என்றும் கேட்கவேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் கேட்கத் தவறிய கேள்விகள் இவை.

சென்ற மாதம் அந்த ஆசிரியை, பட்டப்பின் படிப்புக்காகக் கற்கை விடுமுறை கோரி விண்ணப்பமொன்றை என் மேசைமீது வைத்தார். இம்முறை அக்கேள்விகளைக் கேட்டேன். அவரிடம் விடைகள் இருந்தன. சிபாரிசு செய்து கையொப்பமிட்டேன். அவர் திரும்பும்வரை அந்தப் போத்தல்களைக் கவனிக்கும் பொறுப்பை உயர்தர வகுப்பு மாணவர் ஏற்றிருக்கின்றனர். கதலிப்பழம் வாங்கும் பொறுப்பு எனக்கு.